காருக்கு டர்போ போடலாமா?

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒரே ஒரு சின்னக் கார்தான். பெங்களூரில் ஆபீசுக்கும் கடைகண்ணிக்கும் அதுவே, பொங்கலுக்கு ஊர் போவதற்கும் அதுவே. எங்கள் வீட்டில் இருப்பது 2013-ல் வாங்கிய மாருதி ஸ்விஃப்ட், பெட்ரோல் வண்டி. 1,197 சி.சி., 87 குதிரைத்திறன். ஓட்டுவதற்குத் துறுதுறுவென்று இருக்கும். இதற்கு டர்போ சார்ஜர் பொருத்தலாமா என்ற விவாதம் எங்கள் வீட்டில் மூன்று மாதம் நடந்தது. இருபது வருஷமாகப் பீன்யாவில் எஞ்சின் பாகங்கள் கடையும் தொழிற்சாலையில் வேலை செய்பவன் நான். பொறியியல் முடித்த மகனுக்கும் மோட்டார் பைத்தியம். ஆகவே பேச்சு சூடாகவே இருந்தது.

ஆசை வந்த காரணம்

கோயம்புத்தூரிலிருந்து திரும்பும்போது, சேலம் தாண்டி தொப்பூர் மேடு வருகிறதே, அங்கேதான் ஆசை பிறந்தது. நான்கு பேர், அரிசி மூட்டை, தேங்காய், ஏ.சி. வேறு. முன்னே லாரி ஊர்ந்து ஏறும். வலது பக்கம் ஒதுங்கி ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி யோசித்துத்தான் கிளம்பும். பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நெருங்கும். அந்தச் சில விநாடிகள் நெஞ்சு படபடக்கும்.

பெங்களூருக்கு இன்னொரு நியாயமும் உண்டு. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரண எஞ்சின் தானாக இழுக்கும் காற்றை நம்பி ஓடுவது. காற்று குறைந்தால் சக்தியும் அந்த அளவுக்குக் குறையும்.

டர்போ என்ன செய்கிறது?

வீணாக வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும், சக்தி பெருகும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். சக்கரம் சுழலும் வேகம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல்!

சிக்கல் சூட்டில் இருக்கிறது. 30 டிகிரியில் உள்ள காற்றை அரை பார் அளவு அழுத்தினாலே 80 டிகிரியை எட்டிவிடும். சூடான காற்று உள்ளே போனால், ஸ்பார்க் பிளக் பொறி தட்டுவதற்குப் பிறகு மீதிக் கலவை தானாக வெடிக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். தொடர்ந்தால் பிஸ்டன் உடையும். கம்பெனியிலேயே டர்போவோடு வரும் எஞ்சினில் பிஸ்டன், ஆயில் ஓட்டம், கூலிங் எல்லாம் இதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. நம் எஞ்சின் அப்படிப் பிறந்ததல்ல.

கணக்குப் பார்த்தோம்

டர்போ மட்டும் வாங்கினால் முடியாது. காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர், புதிய புகைக்குழாய், ஆயில் குழாய்கள், கம்ப்யூட்டரை மாற்றி அமைக்கும் வேலை, கூடுதல் இழுவையைத் தாங்கும் கிளட்ச், கூடுகிற வேகத்துக்கு ஏற்ற பிரேக். எங்களுக்குச் சொன்ன மதிப்பீடு இரண்டேகால் லட்சம். வண்டியை விற்றால் மூன்று லட்சம் வந்தால் பெரிது.

மகன் விடவில்லை. "அப்பா, பிரஷரைக் குறைச்சு வெச்சுக்கிட்டா எஞ்சின் தாங்கும்" என்றான். அவன் சொன்னதில் உண்மை உண்டு. கவனமாகச் செய்தால் தாங்குகிற எஞ்சின்கள் இருக்கின்றன. ஆனால் தினமும் ஓட்டுகிற வண்டிக்கு இது பொருந்துமா? இப்படி வெளியே பொருத்தும் டர்போ குறைந்த சுற்றில் அநேகமாகத் தூங்கும். சில்க் போர்டு நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊரும்போது பானட்டுக்குள் சூடு ஏறுமே தவிரப் பலன் கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

பேச்சை முடித்து வைத்தது இதுதான். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதே வருஷத்துச் சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் மாற்றியிருந்தால், விபத்து நடந்த பின் இழப்பீடு கேட்கும்போது தகராறு வரும். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் அந்தத் துணிச்சல் வேண்டாம் என்று தோன்றியது.

என் மனைவிதான் தினமும் அதை ஓட்டுகிறாள். அவள் ஒரே வாக்கியத்தில் கேட்டாள்: "வருஷத்துல ரெண்டு தடவை ஏறுற மேட்டுக்காக, முந்நூறு நாள் ஓடுற வண்டியை வெட்டணுமா?"

எங்கள் முடிவு

டர்போ போடவில்லை. நாலு நல்ல டயர், புது ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பிரேக் பேட், தேய்ந்த சஸ்பென்ஷன் புஷ் ஆகியவற்றை மாற்றினோம். மதிப்பீட்டில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஓட்டும் முறையையும் திருத்திக்கொண்டோம். இந்த எஞ்சினின் முழு இழுவை 4,000 சுற்றில், முழுச் சக்தி 6,000 சுற்றில். லாரியைத் தாண்டுவதற்கு முன்பே மூன்றாவது கியருக்கு இறங்கிவிட்டால், படபடப்பு பாதி குறைகிறது. மீதிப் பாதிக்கு மருந்து, இடம் கிடைக்கும்வரை லாரிக்குப் பின்னாலேயே பொறுமையாகப் போவது.

மகனின் ஆசையையும் தள்ளிவிடவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி 800 எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய எஸ்.கரிவரதன் பெயரில் அமைந்த களம் அது. சம்பாதித்து, இரண்டாவதாக ஒரு பழைய வண்டி வாங்கி, பந்தயக் களத்துக்கென்றே தயார் செய்யட்டும். அங்கே எஞ்சின் உடைந்தால் போவது பணம் மட்டுமே. மறுநாள் ஆபீசுக்குப் போகக் குடும்பத்தின் கார் வாசலில் நிற்கும்.

டர்போதான் வேண்டும் என்பவர்கள், அடுத்த கார் வாங்கும்போது கம்பெனியே டர்போவோடு தரும் வண்டியைப் பாருங்கள். சட்டச் சிக்கல் இல்லை, வாரண்டியும் உண்டு. கையில் இருக்கும் வண்டிக்குப் பணம் செலவழிக்குமுன், முதலில் டயரைக் குனிந்து பாருங்கள்.