வீடற்ற வீரர்கள்

செத்த வீரனுக்குக் கல் நாட்டும் வழக்கம் தமிழ் நாட்டுக்குப் புதிதன்று. நடுகல்லில் அவன் பெயரைப் பொறித்து, மயிற்பீலி சூட்டி, நம் முன்னோர் வழிபட்டார்கள். ஆனால் சண்டையிலிருந்து உயிரோடு திரும்பி வந்தவனை என்ன செய்வது என்ற கேள்விக்கு உலகத்தில் எந்தத் தேசமும் எளிதில் விடை கண்டதில்லை. இறந்தவனுக்கு வேண்டியது ஒரு கல். இருப்பவனுக்கோ சோறு வேண்டும், மருந்து வேண்டும், வேலை வேண்டும், தலைக்கு மேல் ஒரு கூரையும் வேண்டும். செலவு அதிகம், ஆகவே கல்லோடு நிறுத்திக் கொள்ளும் சர்க்கார்களும் உண்டு.

செல்வத்தில் உலகத்துக்கே முதல்வன் என்று பெயர் வாங்கிய அமெரிக்காவின் கதையையே எடுத்துக் கொள்வோம். முதல் உலக யுத்தத்தில் ஊழியம் செய்தவர்களுக்காக 1924-ஆம் வருஷம் அங்கே ஒரு சட்டம் செய்தார்கள். உள்நாட்டில் இருந்த நாளுக்கு ஒரு டாலர், கடல் கடந்து சென்ற நாளுக்கு ஒன்றேகால் டாலர் என்று கணக்கிட்டு, பணத்துக்குப் பதிலாகப் பத்திரம் கொடுத்தார்கள். பெரும்பாலோருக்கு அந்தப் பணம் கைக்கு வருவது 1945-ஆம் வருஷத்தில்! இதற்கிடையில் 1929-இல் வியாபார மந்தம் வந்து, வேலை போயிற்று; வீடும் போயிற்று. மிஞ்சியது பத்திரம் ஒன்றுதான்.

1932-ஆம் வருஷம் கோடையில் சுமார் 17,000 பழைய சிப்பாய்கள் சரக்கு ரயில் ஏறியும் கால்நடையாகவும் வாஷிங்டன் நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பெண்டு பிள்ளைகளையும் மற்றவர்களையும் சேர்த்தால் 40,000-க்கு மேல் என்பார்கள். அனகோஸ்டியா ஆற்றங்கரைச் சேற்று நிலத்தில் பழைய பலகை, தகரம், கோணி இவற்றைக் கொண்டு குடிசை கட்டிக் கொண்டு, "எங்கள் பணத்தை இப்போதே கொடுங்கள்" என்று கேட்டார்கள். நகரப் போலீஸ் தலைவர் கிளாஸ்போர்டு தாமும் அதே யுத்தத்தில் பிரிகேடியர் ஜெனரலாக இருந்தவர். அவர் இவர்களை விரட்டவில்லை; உணவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தார். ஆனால் ஜூன் 17-ஆம் தேதி செனட் சபை அவர்கள் கோரிக்கையை 62-க்கு 18 வோட்டுகளில் தள்ளிவிட்டது. ஜூலை 28-ஆம் தேதி போலீஸார் சுட்டதில் பழைய சிப்பாய்கள் இருவர் மாண்டார்கள். அன்றே ஜனாதிபதி ஹூவர் ராணுவத்தை வரவழைத்தார். ஜெனரல் மக்கார்தரின் தலைமையில் குதிரைப் படையும் டாங்கிகளும் கண்ணீர்ப் புகையும் வந்தன. இரவு விடிவதற்குள் அனகோஸ்டியாக் குடிசைகள் சாம்பலாயின. பிரான்ஸிலே பகைவன் செய்யாத காரியத்தை வாஷிங்டனில் சொந்தப் பட்டாளம் செய்து முடித்தது.

அந்தப் பணத்தை 1936-இல் ஜனாதிபதியின் மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் கொடுத்தது வேறு விஷயம். 1944-இல் இரண்டாவது யுத்தம் முடியும் முன்பே, திரும்பி வருகிறவர்களுக்குப் படிப்புச் செலவும் வீட்டுக் கடனும் அளிக்கச் சட்டம் செய்து கொண்டார்கள். அனகோஸ்டியாவின் நினைவு அதற்கு ஒரு காரணம் என்பதில் நமக்கு ஐயமில்லை.

வியத்நாம் யுத்தத்திலிருந்து வந்தவர்கள் கதி வேறு. ஜனங்கள் வெறுத்த யுத்தம் அது. வெறுப்பில் ஒரு பங்கு சிப்பாயின் தலையிலும் விழுந்தது. இரவில் தூக்கம் வராது. வெடிச் சத்தம் கேட்டால் உடல் நடுங்கும். குடி, போதை மருந்து, குடும்பச் சண்டை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்த மனநோய்க்கு அமெரிக்க வைத்தியர்களின் புத்தகத்தில் தற்போதைய பெயர் ஏறியதே 1980-இல்தான். பட்டாளத்தில் ஏதேனும் குற்றம் செய்து கெட்ட பெயருடன் விலக்கப்பட்டவனுக்குப் பல சமயங்களில் சர்க்கார் சலுகைகளும் கிடைப்பதில்லை. அந்தக் குற்றத்துக்கே நோய்தான் காரணமாக இருந்திருக்கலாம் என்று எடுத்துச் சொல்ல அவனுக்கு வக்கீல் ஏது?

கலிபோர்னியாவில் ஸான் டீகோ என்ற கடற்படைத் துறைமுகம் இருக்கிறது. குளிர் கடுமையில்லாத ஊர். ஆதலால் தெருவில் படுப்பவர்கள் அதிகம். அங்கே 1981-இல் வியத்நாமிலிருந்து திரும்பிய ஐவர் சேர்ந்து ஒரு தர்ம ஸ்தாபனம் தொடங்கினார்கள். 1988-இல் அவர்கள் செய்த காரியம்தான் நம் வாசகர்கள் அறிய வேண்டியது. போர்முனையில் களைத்த படைப்பிரிவைச் சிறிது காலம் பின்னுக்கு அழைத்து, குளிக்க வைத்து, சுடுசோறு போட்டு, புதுத் துணி கொடுத்து இளைப்பாற விடுவதை ராணுவப் பேச்சில் 'ஸ்டாண்ட் டவுன்' என்பார்கள். தெருவில் கிடப்பதும் ஒரு போர்முனைதானே என்று எண்ணிய அந்த அன்பர்கள் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ராணுவக் கூடாரங்களை அடித்து, வீடற்ற வீரர்களை மூன்று நாள் வந்து தங்குமாறு அழைத்தார்கள். பிச்சைச் சத்திரத்துக்கு வர மறுத்த மனிதர்கள் பட்டாளக் கூடாரத்துக்கு வந்தார்கள்! முடி வெட்டுகிறவர், பல் வைத்தியர், கண்ணாடி செய்து கொடுப்பவர், சர்க்கார் குமாஸ்தா எல்லோரும் ஒரே மைதானத்தில் இருந்தார்கள்.

வந்தவர்களிடம், "உங்களுக்கு மிகவும் அவசியமானது எது?" என்று கேட்டபோது, 500 பேரில் 116 பேர் சொன்ன பதில் யாரும் எதிர்பாராதது. சோறு என்றோ வீடு என்றோ அவர்கள் சொல்லவில்லை. தங்கள் மேல் உள்ள வாரண்டைத் தீர்த்து வைக்க வேண்டும் என்றார்கள். பொது இடத்தில் படுத்தது, டிக்கெட் இல்லாமல் வண்டி ஏறியது போன்ற சில்லறைக் குற்றங்கள், அபராதம் கட்டப் பணமில்லை, கோர்ட்டுக்குப் போக அச்சம், ஆகவே வாரண்டு. வாரண்டு இருந்தால் வேலை கிடைப்பது கஷ்டம், வாடகை வீடும் கஷ்டம். சர்க்கார் தரப்பில் ஏழைகளுக்காக வாதாடும் ஸ்டீவ் பைண்டர் என்ற வக்கீலின் முயற்சியால், 1989-இல் கோர்ட்டே மைதானத்துக்கு வந்தது. கனம் நீதிபதி கூடாரங்கள் இருந்த இடத்திலேயே வழக்குகளைத் தீர்த்து வைத்தார். சிறைக்கும் அபராதத்துக்கும் பதிலாக, அவர்கள் குடியை விடவும் தொழில் கற்கவும் செய்த முயற்சியையே ஈடாகக் கொண்டார்கள். இந்த ஏற்பாடு பிற்பாடு பல நகரங்களுக்குப் பரவியது.

"மூன்று நாள் முடிந்ததும் மறுபடி தெருதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. பலருக்கு அப்படித்தான் ஆயிற்று. மூன்று நாள் கூடாரம் வீடாகாது. 2008 முதல் அமெரிக்கச் சர்க்கார் வீடற்ற வீரர்களுக்கு வாடகைச் சீட்டுகளைப் பெருமளவில் வழங்கலாயிற்று. வருமானத்தில் சுமார் 30 சதவிகிதத்தை வீரர் கொடுத்தால் மீதி வாடகையைச் சர்க்கார் ஏற்கிறது. குடியை விட்டால்தான் வீடு என்ற பழைய நிபந்தனையை விட்டு, முதலில் வீடு, மற்றவை பிறகு என்ற முறையும் வழக்கத்துக்கு வந்தது. பலன் கண்கூடு. 2010-இல் ஜனவரி மாதத்து ஓர் இரவில் எண்ணியபோது வீடற்ற வீரர்கள் 74,000-க்கு மேல். 2024-இல் அதே விதமாக எண்ணியபோது 32,882. பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆயினும் 32,882 என்பது சிறிய தொகையா?

இங்கேதான் தர்மவான்களின் பணத்துக்கு வேலை இருக்கிறது. வாடகைச் சீட்டு வாடகைக்கு மட்டுமே. முன்பணம் யார் கொடுப்பது? கட்டில், போர்வை, சோறு பொங்கப் பாத்திரம் யார் வாங்குவது? சீட்டைக் கண்டதும் முகம் சுளிக்கும் வீட்டுக்காரரிடம் யார் போய்ப் பேசுவது? கையில் சாவியுடன் வெறுந்தரையில் படுத்திருக்கும் மனிதர் சில மாதங்களில் மறுபடி தெருவுக்கு வந்துவிடக்கூடும். உற்சவ நாளில் விழும் பெரிய நன்கொடையைவிட மாதந்தோறும் தவறாமல் வரும் சிறு தொகையே இத்தகைய ஸ்தாபனங்களுக்கு உதவும் என்பது நம் அபிப்பிராயம். முன்பணமும் பாத்திரமும் உற்சவ நாள் பார்த்துத் தேவைப்படுவதில்லை.

நம் தேசத்திலும் சிப்பாய்களில் பெரும்பாலோர் நாற்பது வயதுக்கு முன்னும் பின்னுமாகவே ஓய்வு பெற்று வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் படிக்கும் பருவம் அது. 1949-இல் ஏற்படுத்திய கொடி நாள் டிசம்பர் 7-ஆம் தேதி வருகிறது. சிவப்பு, கருநீலம், வெளிர் நீலம் என்று மூன்று நிறக் கொடியைச் சட்டையில் குத்திக் கொண்டு உண்டியலில் காசு போடுகிறோம். ஊனமுற்ற வீரர்களுக்கும், மாண்டவர் குடும்பத்துக்கும், வறுமையில் வாடும் பழைய வீரர்களுக்கும் அந்த நிதி பயன்படுகிறது. புனாவுக்கு அருகே கிர்க்கியில், முதுகெலும்பு முறிந்து நடமாட இயலாத வீரர்களுக்கென்றே ஓர் இல்லம் இருக்கிறது. அங்கே வாயில் தூரிகையைக் கவ்விச் சித்திரம் எழுதுகிறவர்களும் உண்டு. கொடி நாள் நிதிக்குப் பணம் அனுப்ப டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை; வருஷம் முழுவதும் பெற்றுக் கொள்கிறார்கள்.