பூச்சியை ஃபோட்டோ எடுக்க முதல்ல என்ன வேணும்?

"மேக்ரோவுக்கு எந்த லென்ஸ் வாங்கலாம்?"னு நிறைய பேர் கேக்கறீங்க. லென்ஸை விட வெளிச்சம்தான் முதல்ல வேணும்னு நான் சொல்லுவேன்.

சின்னக் கணக்குதான். 1:1 என்றால், பூச்சி நிஜத்தில் எவ்வளவு பெரிசோ அதே அளவில் சென்சார்ல விழும். அப்போ ஃபுல் ஃப்ரேம் கேமராவில் எஃப் 11 வச்சாலும், ஷார்ப்பா வர்ற ஆழம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். துளையை ரொம்பச் சுருக்கினா டிஃப்ராக்ஷனால் படம் மழுங்கிடும். எஃப் 11-லயே வெளிச்சம் பத்தாது. ஷட்டரை மெதுவாக்கினா கை நடுக்கம் தெரியும். அதனால ஃப்ளாஷ் போடுங்க, கண்ணிமைக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். அதுக்கு முன்னாடி டிஷ்யூ பேப்பர் மாதிரி ஏதாவது கட்டுங்க. இல்லைன்னா வண்டு முதுகுல வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும்.

லென்ஸா? நான் 50 எம்எம்மில் எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டித்தான் எடுக்கறேன். ஆட்டோஃபோகஸை அணைச்சுட்டு, உடம்பை மெல்ல முன்னே பின்னே நகர்த்தி, கண்ணு தெளியற நொடியில் க்ளிக்.

பழக நல்ல மாடல், வீட்டுச் சுவர்ல தாவித் திரியுற குட்டிச் சிலந்தி. எட்டுக் கண்ணுல முன்னாடி ரெண்டு பெரிசு. கேமராவையே திரும்பிப் பார்க்கும்.

அசையாம இருக்கணும்னு பூச்சியை ஃப்ரிட்ஜ்ல மட்டும் வைக்காதீங்க. குளிர்ல மரத்துப் போகும், செத்தும் போகலாம். விடியற்காலையில் போங்க, வெயில் ஏறும்வரை அதுவே மெதுவாத்தான் நகரும். படம் கிடைக்கலைன்னா நாளைக்கு எடுத்துக்கலாம், அது பொழைக்கட்டும்.