மனையின் விலையும் ஊரின் விலையும்

மனை வாங்குவோர் நான்கெல்லைகளையும் அளந்து பார்க்கின்றனர். சதுர அடிக்கு இன்ன விலை எனப் பேசி முடிக்கின்றனர். ஆனால், அவ்வெல்லைகளுக்கு வெளியே சாலை, மழைநீர் வடிகால், கழிவுநீர்க் குழாய், பூங்கா ஆகியவை இல்லையெனில் வீடு வாழுமிடம் ஆகாது. அவற்றுக்கான செலவை ஏற்பவர் யார்? இவ்வினாவுக்கு விடையாக அமைந்தவையே வளர்ச்சிக் கட்டணங்கள்.

கட்டணங்களின் இயல்பு

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன்படி, நிலத்தை மனைகளாகப் பிரிக்கவோ கட்டடம் எழுப்பவோ அனுமதி பெறுவோர் வளர்ச்சிக் கட்டணம் செலுத்த வேண்டும். தாம்பரம் பகுதியில் இவ்வனுமதிக்குப் பொறுப்பான அமைப்பு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் ஆகும்.

பணத்துடன் நிலமும் கேட்கப்படுகிறது. பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக உள்ள நிலத்தில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரத்தின் வழி ஒப்படைத்தல் வேண்டும். சாலை நீங்கலாக 12,000 சதுர மீட்டர் எனில், 1,200 சதுர மீட்டர் பொதுவுக்கு உரியது. இச்செலவுகளை முதலில் ஏற்பவர் மனைப்பிரிவு அமைப்பவரே; பின்னர் அவை மனையின் விலையில் அடங்கிவிடுகின்றன.

தவிர்த்தால் விளைவது

சென்னையின் தென்புறநகர்களில் வயல்கள் மனைகளாக மாறியபோது அனுமதியற்ற மனைப்பிரிவுகளும் பெருகின. பூங்காவுக்கு இடம் விடாமலும் தெருவைக் குறுக்கியும் பிரித்ததால் அத்தகைய மனைகள் மலிவாகக் கிடைத்தன. 2015 திசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளின் வீடுகளைச் சூழ்ந்தது. வெள்ளத்துக்குக் காரணங்கள் பல; எனினும், நீர் செல்லும் வழிக்கு இடம் விடுவதன் இன்றியமையாமையை அது உணர்த்தியது.

2016 செப்டம்பர் 9 அன்று, அனுமதியற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. சேமிப்பு முழுவதையும் மனையில் இட்டிருந்த குடும்பங்கள் அதனை விற்கவும் இயலாமல் திகைத்தன. 2017இல் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20க்கு முற்பட்ட மனைகளுக்கு வழி திறந்தன. அதற்கு வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் செலுத்த வேண்டியிருந்தது. பிரித்தவர் விட்டுச்சென்ற சுமை வாங்கியவர் தோளில் ஏறியது. கட்டணத்தைப் பின்னர்ச் செலுத்தலாம். குறுகிய தெருவைப் பின்னர் அகலப்படுத்தல் அரிது.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1982இல் இயற்றப்பட்ட ‘மெல்லோ–ரூஸ்’ சட்டம், சாலை, பள்ளி, பூங்கா ஆகியவற்றின் செலவை அப்பகுதி வீட்டு உரிமையாளர்களிடம் ஆண்டுதோறும் தனி வரியாகப் பெற வகைசெய்கிறது. வீட்டை விற்பவர் அவ்வரியை வாங்குபவருக்கு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும்.

வாங்குமுன் வினவுக

மனைப்பிரிவுக்கு அனுமதி எண் உண்டா? வளர்ச்சிக் கட்டணம் செலுத்திய பற்றுச்சீட்டு உள்ளதா? வரைபடத்தில் காணும் பூங்கா நிலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டதா? அடுக்ககம் எனில், பராமரிப்புக்கென முன்னரே பெறும் பொதுநிதி எவ்வளவு? அது யார் கணக்கில் இருக்கும்? இவற்றுக்கு வாய்மொழி விடை போதாது, ஆவணமே சான்று.

மனையின் விலை ஒருவரது உடைமைக்கு உரியது; வளர்ச்சிக் கட்டணம் அனைவரும் நடக்கும் தெருவுக்கு உரியது. செலுத்திய கட்டணம் சாலையாகவும் வடிகாலாகவும் திரும்பி வருகிறதா என உள்ளாட்சியை வினவுவதும் குடிமக்களின் உரிமையே.