முழு எண்ணுக்கு எத்தனை பைட்?

கணினிக்குள் எந்த எண்ணும் 0, 1 என்னும் பிட்டுகளின் தொடராகவே இருக்கிறது. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். பின்னமில்லாத ஒரு முழு எண்ணுக்கு எத்தனை பைட் ஒதுக்குவது என்பதைச் செயலியின் அமைப்பே தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. அதன் சுவடுகள், வங்கிக் கணக்கு முதல் ரயில் முன்பதிவு வரை எல்லா விவரங்களையும் அட்டவணைகளாகக் காத்துவரும் தரவுத்தள மென்பொருள்களில் இன்றும் தென்படுகின்றன.

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி பிடிபி-11 கணினியில் சி என்னும் நிரல்மொழியை உருவாக்கியபோது 'இன்ட்' என்னும் முழு எண் வகை 16 பிட் நீளமுடையதாக இருந்தது; பின்னர் வந்த வாக்ஸ் கணினியில் அது 32 பிட் ஆனது. அந்தந்தச் செயலிக்கு இயல்பான அளவில் கணக்கிடுவதே வேகமானது என்பதால் சி மொழி அளவை நிலைப்படுத்தாமல் விட்டது. 64 பிட் செயலிகள் வந்தபின் 'லாங்' வகை லினக்ஸில் 8 பைட்டாக வளர, விண்டோஸில் 4 பைட்டிலேயே நின்றுவிட்டதால், ஒரே செயலியில் ஓடும் ஒரே நிரலுக்குக்கூட இயங்குதளத்தைப் பொறுத்து அளவு மாறலாயிற்று.

நிரல் நின்றதும் அதன் நினைவகத்திலிருந்த எண்கள் மறைந்துவிடும். தரவுத்தளத்தில் எழுதப்பட்டவையோ, எழுதிய இயந்திரம் கழித்துக்கட்டப்பட்ட பின்னரும் படிக்கப்பட வேண்டியவை. ஆகவே அளவை இயந்திரத்தின் போக்கிற்கு விடுவது இங்கே பொறுக்கத்தக்கதன்று. தரவுத்தளங்களுக்கான மொழியாகிய எஸ்கியூஎல்லின் தரநிலையும் ஸ்மால்இன்ட், இன்டிஜர், பிக்இன்ட் என்னும் பெயர்களைத் தந்ததே தவிரத் துல்லியமான அளவைத் தரவில்லை. அந்த உறுதியை ஒவ்வொரு மென்பொருளும் தானே அளிக்க வேண்டியிருந்தது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருள்கள் இரண்டிலும் இவை முறையே 2, 4, 8 பைட். ஆரக்கிளிலோ இன்டிஜர் என்பது 38 தசம இலக்கங்கள் கொள்ளும் எண் வகைக்கு மறுபெயர் மட்டுமே. போஸ்ட்கிரெஸ்கூட, நிரலைச் செயலியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர்களுள் 8 பைட் எண்ணைக் கையாளத் தெரியாதவையும் புழங்கிய நாளில், அத்தகைய இயந்திரங்களில் பிக்இன்ட் வெறும் இன்டிஜராகவே செயல்படும் என்று தன் கையேட்டில் எச்சரித்திருந்தது.

அளவு ஒன்றானாலும் பைட்டுகளின் வரிசை ஒன்றாக இருப்பதில்லை. 1 என்னும் எண்ணை நான்கு பைட்டில் வைக்கும்போது ஐபிஎம் பெருங்கணினி 0, 0, 0, 1 என்றும், இன்டெல் செயலி 1, 0, 0, 0 என்றும் வைக்கும். முன்னது எழுதியதைப் பின்னது அப்படியே படித்தால் அந்த 1, 1,67,77,216 ஆகிவிடும். போஸ்ட்கிரெஸின் கோப்புகளை வேறு கட்டமைப்புடைய இயந்திரத்திற்கு நேரடியாக நகலெடுத்து இயக்க முடியாததற்கும், உள்ளடக்கத்தை உரை வடிவில் இறக்கி அங்கே மீண்டும் ஏற்ற வேண்டியிருப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். எஸ்கியூலைட் என்னும் தரவுத்தள மென்பொருள் தேர்ந்த வழியே இவற்றுள் மிக நேர்த்தியானது: எந்தச் செயலியானாலும் மதிப்பு மிகுந்த பைட்டையே முதலில் எழுதுவது, எண்ணின் பருமனுக்கேற்ப 1, 2, 3, 4, 6 அல்லது 8 பைட் மட்டும் செலவிடுவது என்று கோப்பின் வடிவத்தையே அது வரையறுத்துவிட்டதால், கைப்பேசியில் உருவான கோப்பு எந்தக் கணினியிலும் திறக்கிறது.

அளவு உறுதியானதும் எல்லையும் உறுதியாகிறது. நேர் எண்ணா, எதிர் எண்ணா என்று காட்டும் பிட் போக 4 பைட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,14,74,83,647. பதிவுகளுக்கு வரிசை எண் இடும் நெடுவரிசை அதைத் தொட்டுவிட்டால் அடுத்த பதிவுக்கு இடமில்லை. 2018 நவம்பரில் பேஸ்கேம்ப் என்னும் திட்ட மேலாண்மைச் சேவையின் அட்டவணை ஒன்று இந்த எல்லையை எட்டியதால், ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வாடிக்கையாளர்களால் பழையவற்றைப் பார்க்க முடிந்ததே தவிரப் புதிதாக எதையும் எழுத முடியவில்லை. இத்தனைக்கும் அச்சேவைக்கு அடித்தளமான ரெயில்ஸ் மென்பொருள் 2017லேயே புதிய அட்டவணைகளின் வரிசை எண்ணுக்கு 8 பைட்டை இயல்பாக்கியிருந்தது. ஏற்கெனவே இருந்த அட்டவணைகளுக்கு அந்த மாற்றம் தானாகச் சென்று சேரவில்லை. தொடக்கத்திலேயே 4 பைட்டுக்குப் பதில் 8 பைட் ஒதுக்கினால், நூறு கோடிப் பதிவுகளுக்கு அந்த நெடுவரிசையில் கூடுதலாக ஆகும் இடம் 400 கோடி பைட், அதாவது 4 ஜிகாபைட் மட்டுமே. பின்னாளில் வகையை மாற்ற முனைந்தாலோ போஸ்ட்கிரெஸ் அட்டவணையைப் பூட்டிவைத்து, ஒவ்வொரு பதிவையும் மறுபடி எழுதி முடித்த பிறகே பூட்டைத் திறக்கும்.