போலந்தின் இசைச் செல்வம் பிறப்பால் வந்ததா?

ஒரு சில நாட்டு மக்கள் பிறவியிலேயே இசை வாய்க்கப் பெற்றவர்கள் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. இத்தாலியரையும் வேல்ஸ் நாட்டினரையும் போலவே போலந்து மக்களைப் பற்றியும் அவ்வாறு சொல்லப்படுகிறது. பியானோ இசையின் போக்கையே மாற்றிய ஷோப்பான், வயலின் மேதை வீனியாவ்ஸ்கி, பியானோ கலைஞராகப் புகழ்பெற்று 1919-இல் நாட்டின் பிரதமராகவும் அமர்ந்த பதெரெவ்ஸ்கி, இருபதாம் நூற்றாண்டின் இசையமைப்பாளர்களான லுட்டோஸ்வாவ்ஸ்கி, பெண்டெரெட்ஸ்கி என நீளும் வரிசையைக் காண்பவர்க்கு அந்த நம்பிக்கை எழுவது இயல்பே. ஆயினும், இசைத்திறன் குறித்த அறிவியலும் போலந்தின் வரலாறும் அதற்குத் துணைநிற்பதில்லை.

இசைத்திறனில் மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. தாளத்திற்கேற்பக் கைதட்ட முடியுமா என்ற ஒரே கேள்வியை ஆறு லட்சத்திற்கும் மேற்பட்டோரிடம் கேட்டு, அவர்கள் அளித்த விடையை மரபணுத் தரவுகளோடு ஒப்பிட்டு 2022-இல் வெளியான ஆய்வு, அத்திறனோடு தொடர்புடைய 69 மரபணு இடங்களை அடையாளம் கண்டது. ஆனால் அந்த ஆய்வு காட்டியது ஒரே மரபுத் தொகுதிக்குள் ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மட்டுமே. ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுள் ஒருவருக்குத் தாளம் எளிதில் பிடிபடுவதற்கு மரபணு ஓரளவு காரணமாகலாம் என்பதிலிருந்து, ஒரு நாட்டினர் முழுவதும் மற்றொரு நாட்டினரைவிட இசையில் மேலானவர்கள் என்ற முடிவுக்குத் தாவுவது பிழையான வாதமாகும்.

பழக்கம் எவ்வளவு விரைவில் செவியைச் செதுக்கிவிடுகிறது என்பதை உளவியலாளர்கள் எரின் ஹேனன், சாண்ட்ரா ட்ரெஹப் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வுகள் தெளிவாகக் காட்டுகின்றன. பால்கன் நாடுகளின் நாட்டுப்புற இசையில், நம் மிஸ்ர சாபுவைப் போல ஏழு எண்ணிக்கையில் அமைந்தவை உள்ளிட்ட சமனற்ற தாளங்கள் மிகுதி. அத்தாளங்களில் ஏற்படும் பிசகை வட அமெரிக்கப் பெரியவர்களால் கண்டறிய இயலவில்லை. அதே பகுதியின் ஆறு மாதக் குழந்தைகளோ எளிதில் கண்டறிந்தன. பன்னிரண்டு மாதம் நிறைவதற்குள் அக்குழந்தைகளும் பெரியவர்களைப் போல ஆகிவிட்டன. ஆயினும், அந்த வயதில் சிறிது காலம் பால்கன் இசையைக் கேட்கச் செய்தபோது இழந்த திறன் மீண்டது. ஆக, எந்த நாட்டுக் குழந்தையும் எல்லா நாட்டு இசைக்கும் திறந்த செவியோடுதான் பிறக்கிறது.

வேறு எந்தச் சுரத்தின் துணையுமின்றி, கேட்ட ஒலியின் சுரத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கும் தனிச்சுர அறிவு கிழக்காசியரிடம் மிகுந்து காணப்படுவதால், அது இனத்தின் கொடை என்று பலர் கருதினர். உளவியலாளர் டயானா டாய்ச்சும் அவருடைய குழுவினரும் அமெரிக்க இசைக் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்தபோது, சீனம் முதலான தொனிமொழிகளை, அதாவது சுரம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும் மொழிகளைச் சரளமாகப் பேசிய கிழக்காசியரிடமே அத்திறன் மேலோங்கியிருந்தது. அம்மொழிகளைச் சரளமாகப் பேசாத கிழக்காசிய மாணவர்கள், ஐரோப்பிய வழியினரிடமிருந்து வேறுபடவில்லை. முகச்சாயலும் வம்சமும் ஒன்றாயிருந்தும் மொழி மாறியதும் திறன் மாறியது என்பதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அப்படியானால், போலந்தின் இசைப் பெருமைக்கான காரணங்களை அதன் துயரமிக்க வரலாற்றிலேயே தேட வேண்டும். ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் 1772, 1795 ஆகிய ஆண்டுகளிலும், ஆஸ்திரியா நீங்கலாக மற்ற இரண்டும் 1793-இலும் அந்நாட்டைத் துண்டாடித் தமக்குள் பங்கிட்டுக்கொண்டதால், 1918 வரை போலந்து என்றொரு சுதந்திர நாடு உலக வரைபடத்திலேயே இல்லை. பள்ளிகளில் தாய்மொழி ஒடுக்கப்பட்ட அந்தக் காலத்தில், சொல்லற்ற இசையைத் தணிக்கை செய்வது கடினமாதலின், நாட்டுணர்வு அதில் அடைக்கலம் புகுந்தது. மூன்று எண்ணிக்கையில் அமைந்து, அழுத்தம் இரண்டாம் அல்லது மூன்றாம் எண்ணிக்கையில் விழும் மசூர்க்கா என்னும் கிராமிய நடனத்தை ஷோப்பான் பியானோவுக்குக் கொண்டுவந்தபோது, அது வெறும் நடன இசையாக நின்றுவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் போலந்தை ஆக்கிரமித்த ஜெர்மானியர் அவருடைய இசையைப் பொதுமேடையில் வாசிக்கத் தடை விதித்ததும், வார்சாவில் இருந்த அவருடைய சிலையை 1940-இல் வெடிவைத்துத் தகர்த்ததும் அந்த இசையின் வலிமையை அவர்கள் உணர்ந்திருந்ததனால்தான். போருக்குப் பிறகு கட்டணமில்லா அரசு இசைப்பள்ளிகள் நாடெங்கும் பெருகி, தேர்ந்த பயிற்சியைச் சாதாரணக் குடும்பப் பிள்ளைகளுக்கும் எட்டச் செய்தன.

இசைத்திறன் குருதியில் வருவதென்றால், ஷோப்பானே அதற்கு இடர்ப்பாடான சான்றாவார்: தந்தை பிரான்சின் லொரேன் பகுதியிலிருந்து வந்தவர், முதல் ஆசிரியர் ஜிவ்னி செக் நாட்டவர், இசையமைப்பைக் கற்பித்த எல்ஸ்னர் சிலேசியாவின் ஜெர்மன் குடும்பத்தில் பிறந்தவர்.

ஷோப்பானின் பெயரால் 1927 முதல் வார்சாவில் நடைபெறும் பியானோ போட்டியில் போலந்துக் கலைஞர்கள் முதற்பரிசு பெற்றது 1949, 1955, 1975, 2005 ஆகிய நான்கு ஆண்டுகளில் மட்டுமே. அவற்றுள்ளும் 1949-ஆம் ஆண்டுப் பரிசு சோவியத் கலைஞர் ஒருவரோடு பகிரப்பட்டது. 1980-இல் அதை வென்றவர், போர்க்கால ஹனோயில் பியானோ ஆசிரியையான தாயிடம் கற்று, பின்னர் மாஸ்கோவில் பயின்ற வியட்நாமியரான டாங் தாய் சன். 2021-இல் வென்ற புரூஸ் லியூ, சீனப் பெற்றோருக்குப் பாரிசில் பிறந்து கனடாவில் வளர்ந்து, அதே டாங் தாய் சன்னிடம் பயின்றவர்.