காளானுக்குத் தனி உலகம்

காய்கறிக் கடையில் கீரைக் கட்டுகளுக்குப் பக்கத்தில்தான் காளான் பாக்கெட்டுகளை அடுக்கியிருப்பார்கள். அறிவியலும் வெகுகாலம் காளானைச் செடிகளோடுதான் சேர்த்து வைத்திருந்தது. 1735-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் உயிர்களைத் தாவரம், விலங்கு என்று இரண்டாகப் பிரித்தபோது, நடமாடாமல் மண்ணில் ஊன்றி நிற்கும் காளான் தாவரங்களோடு சேர்ந்துகொண்டது.

அதை அங்கிருந்து முழுசாகப் பிரித்தெடுத்த பெருமை அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கரைச் சேரும். மொனிரா, புரோடிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு என்று பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த ஐந்துலக வகைப்பாடு, 1969-ல் அவர் வெளியிட்டது. ஓர் உயிர் எப்படிச் சாப்பிடுகிறது என்பதையும் அவர் அளவுகோலாக எடுத்துக்கொண்டார். செடி வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரிக்கிறது. விலங்கு விழுங்கிய பிறகு செரிக்கிறது. பூஞ்சையோ முதலில் செரித்துவிட்டுப் பிறகு உண்கிறது. மழைக்காலத்தில் ரொட்டித் துண்டில் பஞ்சு போலப் படர்வது அதன் இழைகள். அவை நொதிகளைக் கசியவிட்டு, ரொட்டியைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கின்றன.

பின்னால் வந்த மரபணு ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போயின: பூஞ்சைக்கு நெருங்கிய சொந்தம் செடியல்ல, விலங்கு. இறால் ஓட்டில் இருக்கும் கைட்டின்தான் காளானின் செல்சுவரிலும் இருக்கிறது. நம் கல்லீரல் போலவே அதுவும் உணவைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது.

இந்த உறவுதான் மருத்துவர்களுக்குத் தலைவலி. பாக்டீரியா நம்மைவிட்டு வெகுதூரம் விலகியது. அதன் சுவரைத் தாக்கும் பென்சிலின் நம் செல்களைச் சீண்டுவதில்லை. பூஞ்சையின் செல் நம் செல்லைப் போன்றது என்பதால் குறிவைக்க அதிக இடமில்லை. அதன் செல்சவ்வில் எர்கோஸ்டிரால், நம்முடையதில் கொலஸ்டிரால். அந்தச் சிறு வேறுபாட்டை நம்பித்தான் பெரும்பாலான பூஞ்சைக்கொல்லி மருந்துகள் வேலை செய்கின்றன. 2021-ல் கரும்பூஞ்சை நோய் பரவியபோது எல்லோரும் தேடி அலைந்த ஆம்போடெரிசின்-பி, எர்கோஸ்டிராலைத்தான் பற்றும். ஆனால் கொலஸ்டிராலையும் ஓரளவு பற்றிவிடும். சிறுநீரகம் பாதிக்கப்பட அதுவும் ஒரு காரணம்.

தலைகீழான கதையும் உண்டு. 1845-ல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்குக் கருகல் நோய்க்கிருமியை நெடுங்காலம் பூஞ்சை என்றே நினைத்தார்கள். அதே இழைகள், அதே வித்துகள். ஆனால் அதன் சுவர் பெரும்பாலும் செல்லுலோஸாலும் குளுக்கனாலும் ஆனது. பழுப்புப் பாசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தது அது. எர்கோஸ்டிராலை அது தயாரிப்பதே இல்லை. அதனால் எர்கோஸ்டிரால் உற்பத்தியைத் தடுத்துப் பூஞ்சையைக் கொல்லும் அசோல் மருந்தை இந்தக் கருகலுக்குத் தெளித்தால் காசுதான் விரயம். மெட்டலாக்ஸில் போல, இந்த வகைக் கிருமிகளுக்கென்றே உள்ள மருந்தைத்தான் தேட வேண்டும்.