‘போர்டு போச்சு’ன்னு சொன்னா நம்பாதீங்க!

ஓட்டல், ஆஸ்பத்திரி லாண்ட்ரிக்காரர்களின் வயிற்றில் புளியைக் கரைக்க இரண்டே வார்த்தைகள் போதும்... ‘போர்டு போச்சு!’

மூட்டை மூட்டையாக ஈர பெட்ஷீட் காத்திருக்கும். ராட்சச ட்ரையர் பாதியில் நின்று, டிஸ்ப்ளேயில் ஏதோ ஒரு நம்பர் கண் சிமிட்டும். மெக்கானிக் உதட்டைப் பிதுக்குவார். அவசரத்தில் முதலாளியும் தலையாட்டுவார். புது போர்டு வரும்... பார்த்தால் அதே நம்பர் மறுபடி கண் சிமிட்டும்!

ஏன் இப்படி? போர்டு என்பது ஏ.ஸி. ரூமில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர் மாதிரி. தானாக எதையும் பார்க்காது. கதவு மூடியாச்சா என்று சொல்ல ஒரு ஸ்விட்ச், சூடு எவ்வளவு என்று சொல்ல ஒரு சென்சார், காற்று ஓடுகிறதா என்று சொல்ல இன்னொரு ஸ்விட்ச். இதில் ஒருத்தர் பொய் சொன்னாலும் மேனேஜர் கடையைச் சாத்திவிடுவார். ஆகவே, விசாரணையைக் கீழ்மட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

முதலில் மேனுவலைப் புரட்டி, அந்த நம்பர் யாரைக் கைகாட்டுகிறது என்று பாருங்கள்.

ட்ரம் சுற்றவே இல்லையா? கதவு ஸ்விட்ச் மேல் சந்தேகப்படுங்கள். சுற்றுகிறது, ஆனால் சூடு பாதியில் போகிறதா? பஞ்சு வடிகட்டியையும் வெளியேற்றும் குழாயையும் சுத்தம் செய்யுங்கள். காற்று அடைபட்டால் சூடு எகிறி, பாதுகாப்பு தெர்மோஸ்டாட் கட் பண்ணிவிடும். மூணு ஃபேஸ் மோட்டார் உள்ள மெஷினில், ஒயரிங் வேலைக்குப் பிறகு ஃபேஸ் மாறியிருந்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். அப்போதும் காற்று போதுமான அளவு வராது!

அடுத்து சென்சார். மெயினை அணைத்து, அதன் பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். பல மெஷின்களில் 25 டிகிரியில் சுமார் 10,000 ஓம்ஸ் காட்டும். உள்ளங்கையால் பொத்தினால் எண் இறங்க வேண்டும். அசையவே இல்லையா? குற்றவாளி சிக்கிவிட்டார்! அதிர்வில் லூசான பிளக், கருகிய ஒயர், ஃப்யூஸ் இவற்றையும் விடாதீர்கள். போர்டுக்குள் பல்லி ஒன்று வீரமரணம் அடைந்திருப்பதும் உண்டு.

வரவேண்டிய கரண்டும் தகவலும் சரியாக வந்தும் போர்டு உத்தரவு தரவில்லை என்றால் மட்டுமே போர்டு அவுட். இந்தக் கடைசி சோதனை மெயினைப் போட்டுச் செய்வது. எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ‘‘இன்னிக்கு மட்டும் தெர்மோஸ்டாட்டை டைரக்ட் பண்ணி ஓட்டிக்கலாண்ணே’’ என்பார் ஒரு தம்பி. கூடவே கூடாது! அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரை, வீட்டு ட்ரையர்களில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள். முதல் காரணம், சுத்தம் செய்யாதது. காய்ந்த பஞ்சு, பக்கத்தில் சூடு... சொல்லவும் வேண்டுமா?

அந்தத் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘‘பஞ்சைத் தட்டினியாப்பா?’’